பின்கோடுக்குத் தமிழில் என்ன? வியாழன் மாலைக்குள் வேண்டும்

560008 எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து தரும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். முகவரி நிரப்பும் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

'பின்கோடு' என்றே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் 'பின்' என்று இன்னொரு பெட்டி வருகிறது. அது வங்கியின் ரகசிய எண். சோதித்துப் பார்க்கட்டும் என்று மாமியாரிடம் போனைக் கொடுத்தேன். அவர் அங்கே நிதானமாக 560008 என்று தட்டினார். ஏற்கவில்லை என்றதும் திரும்பத் தட்டினார். மூன்றாவது முறை கணக்கு பூட்டிக்கொண்டது.

அதனால் வேறு சொல் வேண்டும். உதவிப் பக்கத்தில் 'சார்ட்டிங் டிஸ்ட்ரிக்ட்', 'டெலிவரி ஆபீஸ்' என்று இன்னும் இரண்டு வருகின்றன. பெட்டித் தலைப்பு பதினைந்து எழுத்துக்குமேல் போகக்கூடாதாம்.

விளையாட்டுக்கு ஒன்று: பதில் எழுதுகிறவர்கள் பெயருக்குப் பதிலாக அவரவர் பின்கோடைப் போடுங்கள். நான் பெங்களூர் அல்சூர்.

560003 எழுதியது:

அம்மா, 'பின்கோடு' என்பதைத் தமிழ் தெரிந்தவன் படித்தால் பின்பக்கம் போட்ட கோடு என்றுதான் பொருள் கொள்வான். உங்கள் மாமியார் மேல் தவறே இல்லை.

'அஞ்சல் குறியீட்டு எண்' என்று படிவங்களில் அச்சடிக்கிறார்கள். அதுவும் சரியில்லை என்பது என் கட்சி. பின் என்பதன் விரிவு போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர். அதில் 'கோடு' என்ற சொல்லே கிடையாது. இண்டெக்ஸ் என்றால் சுட்டுவது. சுட்டுவிரல் என்று நாம் சொல்லவில்லையா? ஆகவே அஞ்சல் + சுட்டு + எண். வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும் என்பது நன்னூல். ஆக, 'அஞ்சற்சுட்டெண்'. அழகாக இருக்கிறது, அடக்கமாகவும் இருக்கிறது.

560100 எழுதியது:

> அஞ்சற்சுட்டெண்

ஐயா, மன்னிக்கணும். எங்கள் ஆபீஸ் பையன்களிடம் 'சுட்டெண்' என்றால் யாருடைய எண்ணைச் சுட்டாய் என்று கேட்பார்கள். 'அஞ்சற்' என்று ஆரம்பித்தாலே 'அஞ்சற்க' என்று அபயம் கொடுப்பதுபோல இருக்கிறது.

நான் ஜெர்மனியில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே போஸ்ட்லைட்சால் என்பார்கள். போஸ்ட் அஞ்சல், சால் எண். நடுவில் இருக்கும் 'லைட்' வழிநடத்துவது. கிழக்கும் மேற்கும் இணைந்தபிறகு 1993-இல் ஐந்து இலக்கமாக மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை. அந்த எண் செய்யும் வேலையே வழிகாட்டுவதுதானே? 'அஞ்சல் வழியெண்' எப்படி?

560003 எழுதியது:

வழியெண் என்றால் பேருந்துத் தட எண் என்று நினைப்பார்கள். 'அல்சூருக்கு எந்த வழியெண்?' என்று கேட்டால் நீங்களே பஸ் நம்பரைத்தான் சொல்வீர்கள்.

560016 எழுதியது:

தூரவாணி நகரிலிருந்து எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், சார்ட்டிங் (கடிதம் பிரிக்கும் வேலை) பார்த்தவன். இலக்கணம் எனக்கு வராது. ஆனால் இந்த எண் என்ன செய்கிறது என்று பேசாமல் பேர் வைக்கிறீர்களே, அதுதான் வேடிக்கையாக இருக்கிறது.

சார்ட்டர் முன்னால் ஒரு மரச் சட்டம் நிற்கும், சின்னச் சின்ன அறைகளாக. பிஜன்ஹோல் என்போம். கடிதத்தை எடுத்து முதல் இலக்கத்தைப் பார்ப்போம். 5 என்றால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். நாடு முழுக்க இப்படி எட்டு மண்டலம், ஒன்பதாவது ராணுவத்துக்கு. 900056 என்று எழுதினால் 56 ஏபிஓ, அதாவது 56-ஆம் ராணுவ அஞ்சலகம். அந்தப் படைப்பிரிவு எந்த மலையில் இருக்கிறதோ, எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது இலக்கத்தையும் சேர்த்தால் இடம் இன்னும் சுருங்கும்: 56 முதல் 59 வரை நம் கர்நாடகம். மூன்றும் சேர்ந்தால் 560, பெங்களூர் நகரம். கொல்கத்தாவில் இருக்கும் சார்ட்டருக்கு அதோடு வேலை முடிந்தது. கடைசி மூன்றை இங்கே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான். 008 அல்சூர், 003 மல்லேஸ்வரம்.

அந்தக் கடைசி எண்ணும் புதிதாக வந்ததில்லை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. அதற்கு முன்பே பெரிய நகரங்களில் வட்டார எண் இருந்தது. பெங்களூர்-8, மதராஸ்-17, பம்பாய்-19. அதையே வாலில் வைத்து 560008, 600017, 400019 ஆக்கினார்கள். அல்சூரில் பழைய கடைப் பலகைகளில் இன்னும் 'பெங்களூர்-8' பார்க்கலாம்.

எதற்காகக் கொண்டுவந்தார்கள்? ஒரே பேரில் எத்தனை ஊர்! மகாராஷ்டிராவில் அப்போது ஒரு ஔரங்காபாத், பீகாரில் ஒன்று. பிலாஸ்பூர் இரண்டு. நம் புதூர், புதுப்பட்டியை எண்ணி முடியாது. முகவரி எந்த மொழியில் வரும் என்றும் தெரியாது. எனக்குத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் தெரியும். ஒரியாவில் எழுதி வந்தால்? எண்ணைப் பார்த்துத் தள்ளிவிடுவேன். ஆகவே எழுத்துத் தெரியாதவனும் கடிதத்தைச் சரியான அறையில் போடுவதற்கான எண் இது. பேர் வைக்கும்போது இதை மனசில் வையுங்கள்.

டெலிவரிக்கு எங்கள் சொல் பட்டுவாடா. 'இன்னிக்கு பட்டுவாடா ஆச்சா?' என்றுதான் கேட்போம்.

560003 எழுதியது:

ஐயா எழுதியது பயனுள்ளது. ஆனால் 'பட்டுவாடா' தமிழில்லை. மராத்தியில் பட்வடா, கன்னடத்தில் பட்டவாடெ. 'தபால்' என்பதும் அப்படித்தான், மராத்தியில் டபால். இவற்றைத் தள்ளிவிட்டு எஞ்சுவது 'அஞ்சல்'. அதைப் பற்றி ஒரு வார்த்தை.

சிலர் 'அஞ்சு கல்' என்பார்கள். ஐந்து கல் தொலைவுக்கு ஓர் ஆள் மாறுவதால். இது ஊகம், விட்டுவிடுவோம். தெலுங்கில் 'அஞ்செ' என்றால் ஆள் மாறும் கட்டம். இலங்கையில் தொடர் ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்கிறார்கள். திருவிதாங்கூரில் அரசின் தபாலுக்கே அஞ்சல் என்று பெயர். 1951-இல்தான் அது இந்திய அஞ்சலோடு சேர்ந்தது. இங்கே மைசூர் அரசுக்கும் ஓர் 'அஞ்செ' இருந்தது, 1889 வரை. இன்றும் நம் தெருமுனைப் பலகையில் 'அஞ்செ கச்சேரி' என்றுதானே இருக்கிறது?

சுவையான இடம் இனிமேல்தான். கன்னடத்தில் 'அஞ்செ' என்றால் அன்னப்பறவையும்கூட. வடமொழி ஹம்சத்தின் தற்பவம், அதாவது திரிந்த வடிவம். அன்னத்தைத் தூது விட்ட மரபு நமக்குப் புதிதா? பிசிராந்தையார் குமரியிலிருந்து வடமலை போகும் அன்னத்திடம், வழியில் உறையூரில் இறங்கு, உயர்ந்த மாடத்துக்குள் தடையின்றிப் போ, சோழ மன்னன் கிள்ளி கேட்க என் பெயரைச் சொல் என்கிறார். புறநானூறு 67. ஊர், கட்டடம், பெறுபவர், அனுப்புபவர், எல்லாம் இருக்கிறது. இல்லாதது சுட்டெண் ஒன்றுதான்! ஆகவே அஞ்சல் என்பது அன்னத்திலிருந்து...

560100 எழுதியது:

ஐயா, அன்னம் பறக்கட்டும். அவர்களுக்கு நாளை மறுநாள் கெடு.

560008 (இரண்டாமவர்) எழுதியது:

அல்சூரிலிருந்து இன்னொருத்தி. கேள்வி கேட்டவரும் 560008, நானும் 560008. ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. சார்ட்டிங் ஐயா சொன்னதற்கு இதுவே சாட்சி. இது ஆளையோ வீட்டையோ சுட்டவில்லை, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைத்தான் சுட்டுகிறது. நாட்டில் அஞ்சலகம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பின்கோடு சுமார் 19,000தான். ஒரு எண்ணின்கீழ்ப் பல சின்ன அஞ்சலகங்கள்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பில் இந்தப் பாடம் எடுத்தேன். 'அஞ்சல் என்றால் பயப்படுவதா, டீச்சர்?' என்று ஒரு குழந்தை கேட்டது. கன்னட மீடியம் பிள்ளை. 'அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என்ற குறளில் ஆமாம், பயப்படுவதுதான் என்றேன். அப்புறம் அதே அஞ்சல் பழைய தமிழில் 'அஞ்சாதே' என்றும் வரும் என்றேன். பயப்படு, பயப்படாதே, கடிதம், மூன்றுக்கும் ஒரே சொல்லா என்று முறைத்தது. -அல் விகுதியை ஒன்பது வயதுக் குழந்தைக்கு விளக்கிப் பாருங்கள்.

அன்னத்தை எடுத்ததால் எனக்கு நாரை ஞாபகம் வந்தது. சத்திமுத்தப் புலவர் தம் மனைவியின் முகவரியை நாரையிடம் எப்படிச் சொல்கிறார்? ஊர்க்குளம், நனைந்த சுவர், கூரை, பல்லி சொல்லுமா என்று பார்த்திருக்கும் பெண். பெங்களூரில் நாம் இன்னும் அதைத்தான் செய்கிறோம்: 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், தண்ணித் தொட்டிக்கு எதிரே, பச்சை கேட்.' எண் போட்டும் டெலிவரி பையன் போன் பண்ணாமல் வந்ததுண்டா?

560016 எழுதியது:

அதுக்குத்தான் 2025-இல் டிஜிபின் கொண்டுவந்தார்கள். நாட்டையே ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து. உங்கள் பச்சை கேட்டுக்குத் தனி, பின்கதவுக்குத் தனி. ஆனால் அது பின்கோடுக்குப் பதில் இல்லை.

560100 எழுதியது:

டிஜிபின்னில் எண்களோடு எழுத்தும் வருகிறது. பிரிட்டனிலும் எழுத்தும் எண்ணும் கலந்துதான். சிங்கப்பூரில் ஆறு இலக்கம், 1995-இலிருந்து ஏறக்குறைய கட்டடத்துக்கு ஒன்று. அங்கேயும் இலங்கையிலும் தமிழில் 'அஞ்சல் குறியீடு' என்றும் புழங்குகிறது. 'எண்' என்ற வாலை வெட்டிவிட்டால் எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

560003 எழுதியது:

குறியீடு எதற்குத்தான் இல்லை? கணக்கில் குறியீடு, கவிதையில் குறியீடு. 'விலைக் குறியீட்டு எண்' என்று பொருளியலில் சொல்வதுகூட இண்டெக்ஸைத்தான். அப்படிப் பார்த்தால் 'அஞ்சல் குறியீட்டு எண்' என்று முதலில் வைத்தவர் இண்டெக்ஸ் நம்பரைச் சரியாகவே பெயர்த்திருக்கிறார். நான் அவசரப்பட்டுக் குறை சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணை வெட்டினால் அது வெறும் கோடு ஆகிவிடும். இந்த ஏற்பாட்டை வகுத்த வேலங்கர் சமஸ்கிருதக் கவிஞர், தெரியுமா? நடுவண் தகவல்தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்தவர். சொல்லின் அருமை தெரிந்தவர். இண்டெக்ஸ் என்று அவர் காரணமில்லாமலா வைத்தார்?

560100 எழுதியது:

சமஸ்கிருதக் கவிஞரே இங்கிலீஷில் பேர் வைத்துவிட்டார். நாம் மூன்று நாளாக அடித்துக்கொள்கிறோம்.

560008 எழுதியது:

நாளை வியாழன். முதல் மூன்று இலக்கம் குறிக்கும் பகுதிதான் 'சார்ட்டிங் டிஸ்ட்ரிக்ட்'; அந்தச் சொல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 'பிரிப்பு மாவட்டம்' என்று போடட்டுமா?

560016 எழுதியது:

வேண்டாம்மா. மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ் நினைவுதான் வரும். இந்தக் கோடு சர்க்கார் எல்லையைப் பார்த்துப் போட்டதில்லை, தபால் போகும் வழியைப் பார்த்துப் போட்டது. புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி 605001, காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. ஒரே ஆட்சிப்பகுதி; ஏனாம் மட்டும் 5-இல் உட்கார்ந்திருக்கிறது. 'வட்டம்' என்றும் போடாதீர்கள். தமிழ்நாட்டில் அது தாலுகா. எங்கள் இலாகாவில் அஞ்சல் வட்டம் என்றால் ஒரு மாநிலமே. 'பிரிப்புப் பகுதி' என்று போட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

560003 எழுதியது:

'பிரிப்புப் பகுதி' ஏற்கத்தக்கது. பட்டுவாடா அலுவலகத்துக்கு 'வழங்கு அஞ்சலகம்'.

560016 எழுதியது:

வழங்கு அஞ்சலகம் என்று எந்த போஸ்ட்மேனிடமாவது கேட்டுப் பாருங்கள், ஐயா.

560100 எழுதியது:

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பதினைந்து எழுத்து என்பது தொல்காப்பியர் கணக்கு இல்லை. கணினிக்கு 'கு' என்றால் இரண்டு, 'ட்' என்றால் இரண்டு, இடைவெளியும் ஒன்று. அந்தக் கணக்கில் 'அஞ்சல் குறியீட்டு எண்' 21. அடங்காது. 'அஞ்சற்சுட்டெண்' 14. 'அஞ்சல் வழியெண்' அதுவும் 14. 'அஞ்சல் குறியீடு' மிகச் சரியாக 15.

560003 எழுதியது:

உயிர்மெய்யை இரண்டாக எண்ணும் இயந்திரத்தின் முன்னால் தமிழ் மண்டியிட வேண்டுமா? அப்படியே எண்ணினாலும் என்னுடையது 14. ஓர் எழுத்து மிச்சம்!

560008 எழுதியது:

அனுப்பிவிட்டேன். பெட்டியில் 'அஞ்சல் குறியீடு'. அதன்கீழ்ச் சின்ன எழுத்தில் 'ஆறு இலக்கப் பின்கோடு'. பணம் கட்டும் இடத்தில் 'வங்கி ரகசிய எண்'. உதவிப் பக்கத்தில் 'பிரிப்புப் பகுதி', 'பட்டுவாடா அஞ்சலகம்'. கை தூக்கியவர்கள் நான்கு பேர், மல்லேஸ்வரம் ஐயா எதிர். எல்லோருக்கும் நன்றி. ஒரு தூக்கம் போட வேண்டும்.

560003 எழுதியது:

வாழ்த்துகள், அம்மா. 'பட்டுவாடா'வுக்கும் எண் இல்லாத குறியீட்டுக்கும் என் மறுப்பைக் குழுமக் கோப்பில் பதிந்துவையுங்கள். அன்னத்துக்கும் அஞ்சலுக்கும் உள்ள உறவு பாதியில் நிற்கிறது. நாளை தொடர்கிறேன்.

(மல்லேஸ்வரம், பெங்களூர்-3)

560016 எழுதியது:

பெங்களூர்-3 என்று போட்டாலும் கடிதம் வந்து சேரும், ஐயா. ஒரு நாள் கூட ஆகும், அவ்வளவுதான். 'தூரவாணி' என்று கன்னடத்தில் டெலிபோனுக்குப் பேர் வைத்தார்களே, அந்தச் சொல் ஒரு நகருக்கே பேராகி என் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றியும் நாளைக்கு எழுதுங்கள்.