மறு: செர்ப்பினுக்குத் தமிழ்ச்சொல் – 'கண்ணிப்புரதம்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரே ஒரு சொல் கேட்டுத்தான் மடல் போட்டேன். இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தனித்தனியாக எழுதினால் குழம்பும் என்பதால் முக்கியமானவற்றுக்கு இங்கேயே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் எழுதிவரும் கட்டுரை, ஒரே புரதக் குடும்பம் மனித நுரையீரலிலும் பழ ஈயின் நோயெதிர்ப்பிலும் செய்யும் வேலையைப் பற்றியது. குடும்பத்தின் பெயர் செர்ப்பின். 'செரின் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்' என்பதன் முன்னெழுத்துகளை ஒட்டி, 1985-இல் கேரல், டிராவிஸ் என்ற இருவர் புழக்கத்தில் விட்ட பெயர். முதல் வரைவில் அதை அப்படியே பெயர்த்து, 'செரின் புரதச்சிதைப்பித் தடுப்பி' என்று எழுதினேன் (புரதத்தை வெட்டும் நொதி புரதச்சிதைப்பி; செரின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வெட்டுவது செரின் வகை). ஒரே பத்தியில் ஏழு முறை வந்தது. தங்கையிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இதைத் தமிழில் எழுதித் தா" என்றாள்.

> நீளத்துக்கு அஞ்சிக் கலைச்சொல் ஆக்கக் கூடாது. செரின் புரதச்சிதைப்பித் தடுப்பி நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு.

ஐயா, நீளம் மட்டும் குறை என்றால் நானும் பொறுத்துக்கொள்வேன். பொருளே தப்பாகப் போகிறது. பசு அம்மை வைரஸில் ஒரு செர்ப்பின் உண்டு. அது முக்கியமாக மடக்குவது செரின் வகை நொதியை அல்ல, சிஸ்டீன் வகை நொதியை. கொலாஜன் சரியாக மடிய உதவும் ஒரு செர்ப்பின் உண்டு. அது எந்த நொதியையும் தடுப்பதில்லை. முட்டை வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவல்புமின்கூட இந்தக் குடும்பம்தான், அதுவும் எதையும் தடுப்பதில்லை. தடுக்காததைத் 'தடுப்பி' என்றும், செரினோடு தொடர்பில்லாததைச் 'செரின்' என்றும் எழுதச் சொன்னால் எப்படி? ஆங்கிலப் பெயரிலும் இதே பிழை இருக்கிறது, ஆனால் அங்கே அது சுருங்கிவிட்டதால் யாருக்கும் உறுத்துவதில்லை. நாம் விரித்து எழுதினால் பிழையையும் சேர்த்து விரிக்கிறோம்.

வேலையை வைத்துப் பெயரிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையே சாட்சி. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்று பெயர், ஆனால் குடலில் இருக்கும் டிரிப்சின் என்ற நொதியை அடக்குவது அதன் முதல் வேலை இல்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும்போது எலாஸ்டேஸ் என்ற நொதியை வெளியே விடுகின்றன. அது கிருமியோடு நிற்காமல், நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் சுருங்கி விரிய உதவும் எலாஸ்டின் இழைகளையும் அறுத்துவிடும். அந்த எலாஸ்டேஸைப் பிடித்து மடக்குவதுதான் இதன் உண்மையான வேலை. முதலில் எந்த நொதியோடு சேர்த்துப் பார்த்தார்களோ அந்த நொதியின் பெயரையே ஒட்டிவிட்டார்கள், அது நிலைத்துவிட்டது.

சரி, எப்படி மடக்குகிறது என்பதில்தான் நம் சொல் இருக்கிறது. கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

சாதாரணத் தடுப்பிகள் நொதியின் வாயில் கட்டையைச் செருகினாற்போல அடைத்துக்கொண்டு நிற்கும். எடுத்துவிட்டால் நொதி பழையபடி வேலை செய்யும். செர்ப்பின் அந்த வகை இல்லை. அதன் உடலுக்கு வெளியே ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். நொதி அதை இரை என்று எண்ணிக் கடிக்கிறது. வளையம் அறுபடுகிறது. ஆனால் அறுந்த முனை நொதியோடு வேதிப்பிணைப்பில் ஒட்டியிருக்கும், நொதி இன்னும் வாயை விடவில்லை. அந்த நொடியில் வளையம் சடாரென்று உள்ளே மடிகிறது. செர்ப்பினின் உடலில் ஐந்து இழைகள் கொண்ட ஒரு பீட்டா தகடு, அதாவது புரத இழைகள் பக்கம் பக்கமாக அடுக்கிய பரப்பு, இருக்கிறது. அதன் நடுவே, பாயில் இன்னொரு கோரையைச் செருகினாற்போல, வளையம் ஆறாவது இழையாகப் புகுந்துவிடுகிறது. வாயை விடாத நொதியும் கூடவே இழுபட்டு, புரதத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு, ஏறக்குறைய 70 ஆங்ஸ்ட்ராம் தூரம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) போய் மோதுகிறது. மோதிய வேகத்தில் அதன் வெட்டும் பகுதியே உருக்குலைந்து போகிறது. இப்படிச் சிக்கிய நிலையில் டிரிப்சினையும் ஆன்டிட்ரிப்சினையும் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் பார்த்துக் காட்டியது 2000-இல்.

நொதியும் காலி, செர்ப்பினும் காலி. ஒரு முறைதான் பயன்படும். நாண் ஏற்றிய வில் மாதிரி விசையைத் தேக்கிவைத்துக்கொண்டு அது இரத்தத்தில் சுற்றிவருகிறது.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'பொறிப்புரதம்'. எலிப்பொறியை நினைத்துக்கொண்டேன். குழுவில் ஒரு நண்பர் உடனே கேட்டார்:

> பொறித்த புரதமா, பொரித்த புரதமா?

ஓவல்புமினும் இந்தக் குடும்பம்தான் என்பதால் இரண்டாவதும் பொருந்தும். சிரித்து முடித்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பொறி என்றால் இயந்திரம், தீப்பொறி, ஐம்பொறி, கல்லில் பொறித்தல் என்று ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

அப்புறம்தான் கண்ணி வந்தது. பறவை பிடிக்க விரிக்கும் சுருக்குக் கயிறு கண்ணி. வலையின் ஒவ்வொரு துளையும் கண்ணி. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணி. மிதித்தால் ஒரு முறை வெடித்துத் தானும் அழிவது கண்ணிவெடி. இந்த நான்கு பொருளும் இந்தப் புரதத்துக்கு வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளையம், அதில் வந்து சிக்கும் இரை, ஒரே முறை பயன்பாடு ஆகிய மூன்றை மேலே பார்த்தாயிற்று. நான்காவதான சங்கிலிதான் என்னை அசத்தியது. அது நோயின் கதை.

1963-இல் சுவீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் இருவரும் இரத்தப் புரதங்களை மின்புலத்தில் பிரித்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரின் தாளில் ஆல்ஃபா-1 பட்டை, அதாவது நம் ஆன்டிட்ரிப்சின் தெரியும் பட்டை, இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த ஐவரில் மூவருக்கு இளவயதிலேயே எம்ஃபிசிமா, அதாவது காற்றறைச் சுவர்கள் சிதைந்து நுரையீரல் தளர்ந்துபோகும் நோய். ஒரு புரதம் குறைந்தால் நுரையீரல் கெடும் என்ற தொடர்பு அப்படித்தான் தெரியவந்தது.

அந்தப் புரதம் ஏன் குறைகிறது என்பதற்கு விடை 1992-இல் லோமாஸும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் வந்தது. இசட் என்று பெயரிட்ட மரபுப்பிறழ்வில், 342-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் இருக்கிறது. அது வளையத்தின் கீல் பகுதி. கீல் தளர்ந்ததால் பீட்டா தகடு வாய் பிளக்கிறது, பக்கத்து மூலக்கூறின் வளையம் அதற்குள் நுழைந்துகொள்கிறது. அந்த மூலக்கூறின் தகட்டில் இன்னொன்றின் வளையம். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, உற்பத்தியாகும் கல்லீரல் செல்லுக்குள்ளேயே சங்கிலியாகத் தேங்கிவிடுகின்றன. தேங்கிய இடத்தில் ஈரல் கெடுகிறது, போய்ச் சேராததால் நுரையீரல் கெடுகிறது. இரைக்கு விரித்த கண்ணியே சங்கிலிக் கண்ணியாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல இரண்டு வேறு சொற்கள் வேண்டும், தமிழில் ஒன்றே போதும்.

புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு அடி. நொதி வந்து கடிக்கும் இடத்தில் 358-ஆம் அமினோ அமிலமாக மெத்தியோனின் இருக்கிறது. புகை அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. கண்ணி இருக்கும், இரை சிக்காது. அதே 358-இல் மெத்தியோனினுக்குப் பதிலாக ஆர்ஜினின் வந்தால் நிலைமை தலைகீழ்: கண்ணி இரையையே மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையத் தேவையான திராம்பினைப் பிடிக்கத் தொடங்கும். பிட்ஸ்பர்க் என்று பெயர் பெற்ற இந்தப் பிறழ்வுள்ள சிறுவன் ஒருவன் பதினான்கு வயதில் இரத்தக்கசிவால் இறந்தான். கண்ணியில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

> பூச்சிக்கு நுரையீரலே கிடையாது, இந்தக் கட்டுரையில் அதை ஏன் சேர்க்க வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. பூச்சிக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள்களும் கிடையாது. பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே வந்தால், அடுத்தடுத்து ஒன்றையொன்று வெட்டித் தூண்டும் புரதச்சிதைப்பிகளின் வரிசை ஒன்று முடுக்கப்படுகிறது. அதன் ஒரு கிளையின் முடிவில் ஸ்பேட்சில் என்ற புரதம் வெட்டப்பட்டு, செல்லின் மேலிருந்து செய்தி வாங்கும் டோல் என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. பூஞ்சைக்கொல்லிப் புரதங்கள் பெருகுகின்றன. இன்னொரு கிளை ஃபீனால்ஆக்சிடேஸை முடுக்கிக் கிருமியைச் சுற்றி மெலனின் பூசி அடைக்கிறது. இரண்டுமே தேவைக்கு மேல் ஓடினால் பூச்சியையே கொல்லும். ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவது செர்ப்பின்கள்.

பழ ஈயில் நெக்ரோட்டிக் என்று ஒரு மரபணு உண்டு, அது தருவதும் செர்ப்பின்தான். அது செயலிழந்த ஈக்களில் கிருமி இல்லாமலேயே பூஞ்சையெதிர்ப்பு ஓயாமல் ஓடுகிறது என்று 1999-இல் காட்டினார்கள். உடலில் கரும்புள்ளிகள் தோன்றும், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து சில நாளில் ஈ செத்துவிடும். 2003-இல் வந்த ஒரு கட்டுரைதான் என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டது. நெக்ரோட்டிக்கில் கண்ட சில பிறழ்வுகள் மனிதனின் இசட் பிறழ்வேதான்; ஈயின் உடலிலும் அந்தப் புரதம் அதே மாதிரி சங்கிலி கோக்கிறது. வெப்பம் கூடினால் ஈக்களின் நிலை மோசமாகிறது. இசட் பிறழ்வுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஈரல் கேட்டைக் கூட்டலாம் என்ற கருத்தோடு இது ஒத்துப்போகிறது. ஈயும் நாமும் ஒரே கண்ணியில் சிக்குகிறோம்.

இன்னொன்று, சும்மா சொல்லி வைக்கிறேன். புகையிலை இலை தின்னும் கொம்புப்புழுவில் ஒரு செர்ப்பின் மரபணு இருக்கிறது. உடல் ஒன்றே, வளையத்துக்கு மட்டும் பன்னிரண்டு மாற்றுத் துண்டுகள். எந்த நொதியைப் பிடிக்க வேண்டுமோ அதற்கேற்ற கண்ணியை மாட்டிக்கொள்ளலாம். புகையிலை நம் ஒரே கண்ணியையும் கெடுக்கிறது, அதைத் தின்று வளரும் புழுவுக்குப் பன்னிரண்டு!

இனி எதிர்ப்புகள்.

> நோயாளியிடம் 'உங்கள் கண்ணிப்புரதத்தில் கோளாறு' என்று சொன்னால் கண்ணிவெடி என்று பயந்துவிடுவார்.

உண்மைதான் அம்மா. மருத்துவராக நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். நோயாளியிடம் 'நுரையீரலைக் காக்கும் புரதம்' என்றே சொல்லுங்கள், இந்தச் சொல் கட்டுரைக்கும் பாடத்துக்கும் இருக்கட்டும். எங்கும் ஒரே சொல்தான் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

> ஓவல்புமின் எதையும் பிடிப்பதில்லையே, அதை எப்படிக் கண்ணிப்புரதம் என்பது? நீங்கள் 'தடுப்பி'க்குச் சொன்ன குற்றம் இதற்கும் பொருந்தும்.

பாதி பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். கண்ணியைச் சுருக்குக் கயிறு என்று மட்டும் எடுத்தால் தப்புதான். ஆனால் வளையம் என்ற பொருளில் ஓவல்புமினிலும் கண்ணி இருக்கிறது, சுருங்குவதில்லை, அவ்வளவே. தடுப்பி என்பது செயலைச் சொல்கிறது. கண்ணி உருவத்தையும் சொல்கிறது. இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

> செர்ப்பின் என்றே விட்டால் என்ன? இன்சுலினை நாம் மொழிபெயர்த்தோமா?

இன்சுலினை எல்லாருக்கும் தெரியும். செர்ப்பினைத் தெரியாது, ஒலியும் எந்த உதவியும் செய்யாது. முதல் முறை 'செர்ப்பின் என்னும் கண்ணிப்புரதம்' என்று எழுதிவிட்டுப் பிறகு தமிழ்ச்சொல்லோடு போகிறேன். தனிப் புரதங்களின் பெயர்களில் கை வைக்கவில்லை. ஆன்டிட்ரிப்சின் ஆன்டிட்ரிப்சினாகவே இருக்கும்.

தட்டச்சில் ஒரு எச்சரிக்கை: நேற்று வந்த இரண்டு மடல்களில் 'கன்னிப்புரதம்' என்று இருந்தது. றன்னகரம் போட்டால் அது வேறு புரதம்.

கிளைச்சொற்கள் எடுத்துப் பார்த்தேன். நொதி கடிக்கும் வளையம் இரைக்கண்ணி. இந்தப் புரதங்களின் பிறழ்வால் வரும் நோய்கள் கண்ணிப்புரதக் கோளாறுகள். வளையங்கள் கோத்த சங்கிலிக்கு 'கண்ணிக்கோவை' என்று எழுதியிருக்கிறேன். பலபடி என்ற வேதியியல் சொல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பலபடியில் அலகுகள் வேதிப்பிணைப்பால் சேர்கின்றன; இங்கே ஒன்றின் இழை மற்றதன் தகட்டில் செருகிக்கொள்கிறது. கோவை அதைக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

இன்னும் தீராதது ஒன்று. பூச்சியில் ஒன்றையொன்று வெட்டித் தூண்டும் நொதிகளின் வரிசைக்கு 'நொதியருவி' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அருவி தானாகக் கீழே விழும், இதை ஒவ்வொரு படியிலும் ஒருவர் தள்ளிவிட வேண்டும். நான் இப்போதைக்கு 'நொதித்தொடர்' என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். கட்டுரை ஞாயிற்றுக்கிழமைதான் கையை விட்டுப் போகிறது.