புதுப்பிப்பு: வளாகத்தில் அவசரக் கருத்தடை மாத்திரை இயந்திரம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் போராடி அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் தானியங்கி விற்பனை இயந்திரம் வைத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "சுகாதார மையம்தான் இருக்கிறதே, இயந்திரம் எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை 5 மணிக்கு மூடும் மையம் திங்கள் காலை 9 மணிக்குத்தான் திறக்கும். இடையில் 64 மணி நேரம். அவசரக் கருத்தடை மருந்தான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை, பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். ஆகவே இரவில் பூட்டும் கட்டடத்தில் இயந்திரத்தை வைத்தால் பாடுபட்டதெல்லாம் வீண். 24 மணி நேரமும் திறந்திருக்கும் படிப்பறைதான் சரியான இடம். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2017இல் இப்படி ஓர் இயந்திரம் வைத்தார்கள்.

வெயில் படும் சுவரோரம் வேண்டாம். மாத்திரைக்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை. காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். "எல்லோரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வங்கி அட்டை ரசீதில் மருந்தின் பெயர் வராதபடி முன்கூட்டியே பேசிவிடுங்கள். அட்டைக் கணக்கைப் பார்ப்பது பெற்றோராகவும் இருக்கலாம்.

முந்தைய பதிவில் விட்டுப்போன ஒன்று: இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை. கருக்கலைப்பு மாத்திரைக்கு கலிபோர்னியாவில் தனிச் சட்டம் உண்டு. 2019இல் கையெழுத்தான அது, அந்த மாத்திரையைக் கிடைக்கச் செய்யும்படி 2023 முதல் அரசுப் பல்கலைக்கழகச் சுகாதார மையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இயந்திரம் கேட்டு நீங்கள் தரும் கோரிக்கை மனுவில் இரண்டையும் கலக்காதீர்கள். நிர்வாகம் அந்தக் குழப்பத்தையே காரணமாக்கி மனுவைக் கிடப்பில் போட்டுவிடும்.