பியென்சா சதுக்கத்தைப் படமெடுக்க: வெளிச்சம், லென்ஸ், பேருந்து பற்றித் தகவல் தேவை

நண்பர்களே, இத்தாலியின் டஸ்கனியிலுள்ள பியென்சாவை ஜூன் மாதத்தில் படமெடுக்க வேண்டும். 1459-ல் போப் இரண்டாம் பயஸ், தாம் பிறந்த ஊரை கட்டடக் கலைஞர் ரொசெல்லினோவைக் கொண்டு திருத்திக் கட்டத் தொடங்கிய அருமையான ஊர் அது.

சதுக்கத்திலுள்ள பேராலயத்தின் முகப்பு வடக்கு நோக்கியது. நண்பகலில் நிழலில் இருக்கும். ஜூனில் மாலை வெயில் சாய்ந்து முகப்பில் படுமா, மேற்கேயுள்ள பிக்கோலோமினி மாளிகை மறைத்துவிடுமா? நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சதுக்கம் சிறியது, சரிவக வடிவம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலே நகர்த்த உதவும் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் போதுமா?

சரிவில் உறுதியற்ற மண்மேல் நிற்பதால் பேராலயத்தின் தென்கோடி தாழ்ந்திருக்கிறது. தரைச் சரிவை அவசியம் பதிவு செய்ய வேண்டும். உள்ளே கேமரா முக்காலிக்கு அனுமதி உண்டா?

ஊரில் ரயில் நிலையம் இல்லை. சியெனாவிலிருந்து ஞாயிறன்று பேருந்து உண்டா?