டொமினார் 400: நெடும்பயணத்துக்கு முதலில் எதை மாற்றுவது? விண்ட்ஸ்கிரீனா, சீட்டா, சஸ்பென்ஷனா?

தாம்பரம் ரைடர்:
என்னிடம் இருப்பது பஜாஜின் 2020 டொமினார் 400 பைக். 2021 அக்டோபரில் கம்பெனியே உயரமான விண்ட்ஸ்கிரீன், ஹேண்ட் கார்டு, பின் கேரியர், முதுகு சாய்மானம், யுஎஸ்பி சார்ஜர் எல்லாம் சேர்த்து இந்த வண்டியை விற்க ஆரம்பித்தது. என் வண்டி அதற்கு முந்தையது என்பதால் நானே ஒவ்வொன்றாக வெளியே வாங்கிப் போட்டேன். உயரமான விண்ட்ஸ்கிரீன், ஜெல் சீட், ஹேண்டில்பாரை 30 மிமீ உயர்த்தும் ரைசர், பின் கேரியரில் மாட்டும் டாப் பாக்ஸ் பெட்டி, மொத்தம் 31 ஆயிரம் ஆனது. போன மாதம் விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஒரே நாளில் போனேன். முன்பெல்லாம் திருச்சி தாண்டுவதற்குள் நெஞ்சில் அடிக்கும் காற்றே ஆளைக் களைக்க வைத்துவிடும், இந்த முறை அது இல்லவே இல்லை. காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் விண்ட்ஸ்கிரீன், மற்றதெல்லாம் அப்புறம் என்பதுதான் என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லை 373:
அண்ணா, எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நெஞ்சுக்குக் காற்று வரவில்லை சரி, தலைக்கு? ஸ்கிரீனின் மேல் விளிம்பில் பிரிகிற காற்று சுழன்று சுழன்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதும். நான் 178 செமீ, உயரமான ஸ்கிரீன் போட்ட மூன்றாம் நாளே கழுத்து வலி, நூறைத் தாண்டினால் கண் முன்னால் சாலையே ஆடுகிற மாதிரி இருந்தது. கழற்றிவிட்டு நுரை இயர்பிளக் மட்டும் வைத்து ஓட்டினேன், பாதிக் களைப்பு போய்விட்டது. நம்மைக் களைக்க வைப்பதில் காதில் விழும் இரைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இன்னொன்று. நீங்கள் போன வழியில் காவல்கிணறு பக்கம் முப்பந்தல் காற்றாலைப் பகுதி வந்திருக்கும். ஆடி மாதம் அங்கே காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று உங்கள் ஸ்கிரீனையும் டாப் பாக்ஸையும் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். ஒரு லாரியைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் வண்டி அரை லேன் நகர்ந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். அதற்குப் பிறகு டாப் பாக்ஸை வீட்டில் வைத்துவிட்டு இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் சேடில் பேக்தான் கொண்டுபோகிறேன்.

தாம்பரம் ரைடர்:
தம்பி, அது ஸ்கிரீனின் குறை இல்லை, அளவு பொருந்தாத குறை. நான் 167 செமீ, எனக்குக் காற்று ஹெல்மெட்டுக்கு மேலே போகிறது. வேகம் 80-லிருந்து 110 ஆனால் காற்றின் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது, அந்த விசையைக் கையும் தோளும் ஏழெட்டு மணி நேரம் தாங்க வேண்டுமா? இயர்பிளக் அதற்கு என்ன செய்யும்? முப்பந்தல் காற்றைப் பற்றிச் சொன்னது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

கொங்கு டூரர்:
இரண்டு பேரும் காற்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். முதலில் இடுப்பைக் கவனியுங்கள். ஜெல் சீட் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதே இல்லை என்பது என் உறுதியான கருத்து. டீக்கடை வாசலில் இருபது நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தெரியும். ஜெல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. தவிர, மெத்தென்று இருக்கும் சீட் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் சுகம், அதற்குப் பிறகு நுரை அமுங்கி இடுப்பெலும்பு அடித்தட்டில் உட்கார்ந்துவிடும். கெட்டியான நுரை வைத்து, உட்காரும் இடத்தை அகலமாக, முன்பக்கம் வழுக்காதபடி சமமாகச் செதுக்கித் தைக்கச் சொல்லுங்கள். எனக்கு 2,800 ரூபாய்தான் ஆனது.

அதற்கும் முன்னால் காசே செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. பின் மோனோஷாக்கின், அதாவது பின்சக்கர ஷாக் அப்சார்பரின், ப்ரீலோடை (ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கி வைப்பது என்ற அமைப்பை) எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கிறோம்? நாம் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் 30 முதல் 35 மிமீ இறங்க வேண்டும். பின்னால் ஒரு ஆளும் 10 கிலோ பெட்டியும் ஏறினால் அது அதற்கு மேல் இறங்கிவிடும், ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகெலும்புக்கு வரும், முன்சக்கரமும் லேசாகிவிடும். தாம்பரம் சார், உங்கள் வண்டி முப்பந்தலில் ஆடியதா? ஆடியிருந்தால் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ரைசர் போட்டவர்கள் ஒன்று செய்து பாருங்கள். வண்டியை ஐடிலில் விட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அப்படியே ஓட்டக் கூடாது. பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பின்சீட் பயணி:
நான் ஓட்டுவதில்லை, என் கணவரின் பின்னால் உட்கார்ந்து மூன்று வருடமாகப் பயணம் செய்கிறேன். இதுவரை எழுதிய எல்லாமே முன்சீட்டைப் பற்றித்தான் இருக்கிறது. கெட்டி நுரை என்கிறீர்களே, முன்சீட்டை மட்டும் மாற்றிவிட்டு என் சீட்டை அப்படியே விட்டதால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவர் முதுகில் போய் மோதினேன், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். எனக்கு உண்மையில் உதவியது முதுகு சாய்மானம் ஒன்றுதான். டாப் பாக்ஸே வேண்டாம் என்கிற தம்பிக்குச் சொல்கிறேன், அதில் பொருத்திய மெத்தைதான் எங்களுக்குச் சாய்மானம். துணையோடு போகிறவர்கள் எதை வாங்குவது என்பதைப் பின்னால் இருப்பவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நெல்லை 373:
அக்கா சொல்வது சரிதான், நான் தனியாகவே போகிறவன் என்பதால் அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெட்டிக்குள் கனமான சாமானை வைக்காதீர்கள். டூல்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் பக்கப் பைகளில், தாழ்வாக. பெட்டியில் ரெயின்கோட்டும் துணியும் போதும்.

கொங்கு டூரர்:
லைட் மாட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கடையில் எனக்கு 60 வாட் பல்பு இரண்டை ரிலே (அதிக மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் தான் தாங்கிக்கொள்ளும் பாகம்) இல்லாமல் நேரே சுவிட்சில் கொடுத்துவிட்டார்கள். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர், ஓசூர் தாண்டியதும் சுவிட்ச் உருகிவிட்டது. ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் எதையும் மாட்ட விடாதீர்கள்.

தாம்பரம் ரைடர்:
கொங்கு சார், உங்கள் கேள்விக்குப் பதில்: ஆடியது. ப்ரீலோடை வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை, பெட்டியில் 12 கிலோ இருந்தது. ஸ்கிரீன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, என் உயரத்துக்கு அது பொருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ப்ரீலோடை இரண்டு படி ஏற்றி, பெட்டியைக் காலியாக வைத்துத் திண்டிவனம் வரை போய் வந்து எழுதுகிறேன். இயர்பிளக்கும் வாங்கியாயிற்று.