புதுப்பிப்பு: நோட்ஸைக் குரலில் பதிவு செய்து படிப்பது

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு நோட்ஸைப் போனில் பேசிப் பதிவு செய்து பஸ்ஸில் கேட்டால் பயன் இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். "தூக்கம்தான் வரும்" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். முழுப் பாடத்தையும் வாசித்து வைத்தால் வரத்தான் செய்கிறது. கேள்வி கேட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, அப்புறம் பதில் சொல்லிப் பதிவு செய்தால் வருவதில்லை.

காசநோய் மருந்துகளை அப்படித்தான் செய்தேன். "ரிஃபாம்பிசின்?" மௌனம். "சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், கல்லீரல் என்சைம்களைத் தூண்டும், கருத்தடை மாத்திரையின் பலன் குறையும்." "எத்தாம்புட்டால்?" மௌனம். "பார்வை நரம்பு அழற்சி, சிவப்பு பச்சை குழம்பும்." "ஐசோனியாசிட்?" "கை கால் மரத்துப்போகும், கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6) கொடு." அந்த மௌனத்தில் பதிலை முணுமுணுப்பதுதான் உண்மையான படிப்பு, பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்த ஆய்விலும், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் திசுவைப் பார்க்கும் பத்தாலஜி ஸ்லைடுக்கு இது உதவாது. கிரானுலோமாவை (அழற்சியில் செல்கள் திரண்ட முடிச்சு) காதால் பார்க்க முடியாது.

வார்டு கேஸையும் பதிவு செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நோயாளியின் பேச்சோ பெயரோ போனில் வேண்டவே வேண்டாம். நோயைப் பற்றி நீங்கள் படித்ததை மட்டும் பேசி வையுங்கள். கேட்கும் வேகம் 1.25 மடங்கு எனக்குச் சரி, 1.5-இல் மருந்துப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.