‘அரசமரத்து வீடு’ குடும்பக் குழுவில் டெட்ராய்ட் பேண்ட்

வித்யா (டிராய், மிச்சிகன்): (படம்)
இன்னைக்கு டெட்ராய்ட் சிட்டிக்குள்ள போனோம். காஸ் காரிடர்ல இருக்கிற தர்ட் மேன் ரெக்கார்ட்ஸ்.

சுந்தர் மாமா: ஒரே மஞ்சளும் கருப்புமா இருக்கு. டாக்ஸி ஸ்டாண்டுன்னு நெனச்சேன்

வித்யா: இசைத்தட்டுக் கடை மாமா. பின்னாடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டு அச்சடிக்கிற மெஷினே ஓடுது, நின்னு பாக்கலாம். ஜாக் ஒயிட்டோட கடை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்னு அவரோட பேண்ட் ஒண்ணு இருந்தது, இந்த ஊர்ப் பிள்ளைங்கதான்.

கார்த்தி: அக்கா!!! சொல்லாமலே போயிட்டீங்களா. எனக்கு அவங்க எலிஃபன்ட் ஆல்பம் தட்டு வாங்குங்க ப்ளீஸ்

மாலதி சித்தி: டேய் உன்கிட்ட தட்டு ஓட்டற மெஷினே இல்லியே

கார்த்தி: சுவத்துல மாட்டுவேன் சித்தி

சுந்தர் மாமா: இவங்க பாட்டு நான் கேட்டிருப்பேனா?

கார்த்தி: நீங்க ஃபுட்பால் பாப்பீங்கள்ல. ஸ்டேடியமே ஒண்ணா சேந்து "ஓ... ஓ ஓ ஓ ஓ... ஓ... ஓ"ன்னு இழுக்குமே, அது இவங்க பாட்டு

சுந்தர் மாமா: அட! 2006ல இத்தாலி உலகக் கப்பு ஜெயிச்சப்ப ரோடெல்லாம் அதையே பாடிட்டுத் திரிஞ்சாங்களே. இத்தாலிக்காரன் பாட்டுன்னே இத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கேன்

கார்த்தி: செவன் நேஷன் ஆர்மி, 2003. மொதல்ல பெல்ஜியத்துல கிளப் ப்ரூஜ் ரசிகர்கள் மிலானுக்கு மேட்ச் பாக்கப் போனப்ப பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ரோமா ரசிகர்கள். அப்புறம் இத்தாலி பூரா.

அனிதா: அந்த பேஸ் கிட்டார் (கீழ்ச்சுருதி கிட்டார்) லைன்தானே பாட்டே

வித்யா: அது பேஸ் இல்லடி. அந்த பேண்ட்லயே பேஸ் கிடையாது. கே கம்பெனி பழைய கிட்டார், சுருதியை மாத்தற வாமி பெடல்ல ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ இறக்கி ஜாக் வாசிச்சிருக்கார். மொத்தம் ஆளே ரெண்டு பேர்.

மாலதி சித்தி: ரெண்டு பேரை வச்சு என்ன கச்சேரி பண்றது

வித்யா: வேணும்னேதான் அப்படி வச்சுக்கிட்டாங்க சித்தி. ஜாக் குரலும் கிட்டாரும், ஒரு பொண்ணு டிரம்ஸ். மேடையில சிவப்பு, வெள்ளை, கருப்பு தவிர வேற நிறம் கிடையாது. ஜாக்குக்கு மூணுன்னா ஒரு பித்து. வீட்டுல பத்துப் பிள்ளைங்க, இவர்தான் கடைக்குட்டி. மொதல்ல கத்துக்கிட்ட தொழில் சோஃபாவுக்குத் துணி மாத்தறது. சொந்தமா கடை போட்டப்ப பேரு தர்ட் மேன் அப்ஹோல்ஸ்டரி. அந்த மஞ்சள் கருப்பு அப்பவே வந்தது. பில்லை க்ரேயான்ல எழுதிக் குடுப்பாராம்.

சுந்தர் மாமா: க்ரேயான்ல எழுதினா எவன் காசு குடுப்பான்

வித்யா: அதனாலதான் பாட்டுக்கு வந்துட்டார் போல 😄

மாலதி சித்தி: அந்த டிரம்ஸ் பொண்ணு யாரு, தங்கச்சியா?

வித்யா: மெக் ஒயிட். "என் அக்கா"ன்னுதான் மேடையில சொல்லுவார். நெசத்துல புருஷன் பொண்டாட்டி. 1996ல கல்யாணம். இவர் பேரு ஜாக் கில்லிஸ், கல்யாணத்துக்கு அப்புறம் அவ குடும்பப் பேரை எடுத்துக்கிட்டு ஒயிட் ஆயிட்டார். 2000த்துல விவாகரத்து. பேர் வாங்கினது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

மாலதி சித்தி: கட்டினவளை அக்கான்னா!! சிவ சிவா

கார்த்தி: தம்பதின்னு சொன்னா சனம் அதையே பேசும், அக்கா தம்பின்னா பாட்டைக் கேக்கும்னு பின்னாடி விளக்கம் சொன்னார் சித்தி

மாலதி சித்தி: நாமளும் இப்ப அதைத்தான் பேசிட்டிருக்கோம்

மாலதி சித்தி: ஆமா தாத்தா திதி தேதி யாராவது கேலண்டர்ல பாத்தீங்களா

சுந்தர் மாமா: ஐயர்கிட்ட கேட்டுட்டு சாயங்காலம் போடறேன். நீ சொல்லு வித்யா

வித்யா: 1997 ஜூலை 14ல மொத கச்சேரி, கோல்டு டாலர்னு டெட்ராய்ட்ல ஒரு சின்ன பார். மெக் டிரம்ஸ் தொட்டே கொஞ்ச மாசம்தான் ஆகியிருந்தது. மொதல் மூணு ஆல்பம் கலிஃபோர்னியாவுல ஒரு சின்ன இசைத்தட்டு கம்பெனி போட்டது. 2001ல மூணாவது வந்ததும் இங்கிலாந்துல பேச்சு கிளம்பிடுச்சு, பிபிசி ரேடியோ தொகுப்பாளர் ஜான் பீல் தூக்கி வச்சுக் கொண்டாடினார். எலிஃபன்ட்டை லண்டன்ல டோ ராக் ஸ்டூடியோவுல எட்டு ட்ராக் டேப்ல பண்ணாங்க. கம்ப்யூட்டர் தொடவே இல்லைன்னு கவர்லயே போட்டிருக்கும். அதுக்கு ரெண்டு கிராமி விருது.

அனிதா: எல்லாம் சரிக்கா. ஆனா மெக் டிரம்ஸ் எனக்கு என்னைக்கும் சந்தேகம்தான். கிக், ஸ்நேர்னு ரெண்டு டிரம், க்ராஷ்னு ஒரு சிம்பல், தீந்துபோச்சு. நான் இதை டிரம்ஸ் க்ளாஸ்ல வாசிச்சா மாஸ்டர் முட்டியில அடிப்பார்

கார்த்தி: ஆரம்பிச்சுட்டா

வித்யா: நீ அங்க ஃபில் (நடுவுல நிரப்பற அடி) போட்டு அடைச்சிருந்தா ஜாக் எங்க போய் நிப்பார்? முதல் ஆல்பத்தை சன் ஹவுஸுக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க. மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர், கடைசிக் காலம் டெட்ராய்ட்ல, 1988ல இங்கேயே இறந்தார். ஜாக்குக்கு உயிரான அவர் பாட்டு ஒண்ணு, வெறும் குரலும் கைத்தட்டும்தான். கிட்டார் கூட இல்ல. அங்கிருந்து வர்றவனுக்கு எதுக்கு பத்து டாம் டிரம்?

வித்யா: செவன் நேஷன்ல ஆரம்பம் கேளு. அடியில ஒரே சீரா தட்டிட்டே இருப்பா, சிம்பலைத் தொட மாட்டா. கிட்டார் டிஸ்டார்ஷன்ல வெடிக்கிற எடத்துல க்ராஷைத் திறப்பா. அதுவரை காலியா விட்டதாலதான் ரெண்டே பேர் போடற சத்தம் அவ்வளவு பெருசாத் தெரியுது. ஜாக்கோட சிவப்பு ஏர்லைன் கிட்டாரும் ஒண்ணும் உசத்தி இல்ல, 60கள்ல மான்ட்கோமரி வார்டுன்னு டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல வித்த ஃபைபர் உடம்பு.

அனிதா: ரெக்கார்டிங்ல ஓகே. லைவ்ல டெம்போ (தாள வேகம்) ஓடும்

வித்யா: ஓடும்தான். ரெண்டு பேரும் சேந்து ஓடுவாங்க. மேடையில செட்லிஸ்ட்டே (எழுதி வச்ச பாட்டு வரிசை) கிடையாது தெரியுமா? பாதிப் பாட்டுல ஜாக் வேற பாட்டுக்குத் தாவுவார், இவ அவர் மேல இருந்து கண்ணை எடுக்காம கூடவே போவா.

அனிதா: செட்லிஸ்ட் இல்லாமலா? அது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். டெம்போ விஷயத்துல இல்ல

கார்த்தி: 2007ல கனடாவுல ஒரே ஒரு நோட் (ஸ்வரம்) வாசிச்சுட்டு கச்சேரியை முடிச்சுக்கிட்டுப் போனாங்களே. அதுல டெம்போ கரெக்டா இருந்துச்சா அனி

அனிதா: போடா

சுந்தர் மாமா: ஒரே நோட்டா? டிக்கெட் காசு?

கார்த்தி: ஃப்ரீ ஷோ மாமா. அன்னைக்கு ராத்திரி அதே ஊர்ல முழுக் கச்சேரியும் வாசிச்சாங்க.

மாலதி சித்தி: இப்பவும் வாசிக்கிறாங்களா?

வித்யா: இல்ல சித்தி. அதே 2007 செப்டம்பர்ல மெக்குக்கு மனப்பதற்றம் அதிகமாகி டூர் ரத்தாச்சு. அதோட மேடைக் கச்சேரி நின்னது. 2011 பிப்ரவரியில பேண்ட் கலைஞ்சதா அறிவிச்சாங்க. ஆறு ஆல்பம். 2005ல வந்ததுல பியானோ, மரிம்பா எல்லாம் சேத்தாங்க, எனக்கு அதுல பாதி ஒட்டல. 2025ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ங்கற கௌரவப் பட்டியல்ல சேத்தப்ப ஜாக் மட்டும் வந்தார்.

மாலதி சித்தி: கூப்பிட்டும் வரலியா. அது அவ இஷ்டம், சும்மா அவளை நோண்டக்கூடாது

சுந்தர் மாமா: அவன் ஊருக்கு ஏதாச்சும் பண்ணினானா?

வித்யா: பண்ணினார் மாமா. இங்க மேசானிக் டெம்பிள்னு பெரிய தியேட்டர் இருக்கு. 2013ல வரி பாக்கியில கை விட்டுப் போக இருந்துச்சு. யாரோ பேர் சொல்லாம 1,42,000 டாலர் கட்டிட்டாங்க. அப்புறம் பாத்தா இவர். அவங்க அம்மா ஒரு காலத்துல அங்க ஆட்களை சீட்டுல உக்காத்தி வைக்கிற வேலை பாத்தவங்க.

மாலதி சித்தி: பெத்தவளை மறக்கலை பாரு. பேரை மாத்தினா என்ன

அனிதா: அக்கா நல்ல லைவ் வீடியோ ஒண்ணு லிங்க் போடுங்க. ஹெட்ஃபோன் மாட்டி மெட்ரோனோம் (தாளம் தட்டற மெஷின்) வச்சு செக் பண்றேன்

வித்யா: மெட்ரோனோம் வச்சா? உருப்படுவே 🙏

சுந்தர் மாமா: எனக்கும் அனுப்பு. காலைல அனுப்பு, உங்க அத்தை இப்பதான் கண் அசந்தா