மடகாஸ்கர்: லெமூர்களையும் மூதாதையர் சடங்கையும் ஒரே பயணத்தில் காண இயலுமா?

மேடவாக்கத்தார்
பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் (இருவருக்கும் 60 கடந்துவிட்டது) அடுத்த ஆண்டு 18 நாள்கள் மடகாஸ்கரில் செலவிட எண்ணியுள்ளோம். குட்டியைச் சுமந்து திரியும் லெமூர்களை (குரங்கை ஒத்த விலங்குகள்) பார்க்க வேண்டும். முன்னோரின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுத்துணி சுற்றும் 'ஃபமடிஹானா' சடங்கையும் காண வேண்டும். எந்த மாதம் ஏற்றது? தடுப்பூசி ஏதேனும் தேவையா? நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்போம்.

காட்டுவழி
ஐயா, இரண்டும் ஓரளவாவது ஒத்துவருவது செப்டம்பர் மாதத்தில்தான். ஃபமடிஹானா நடு மேட்டுநிலத்தில் வாழும் மெரினா, பெட்சிலேயோ மக்களின் குளிர்கால வழக்கம். பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை நடக்கும். வளையவால் லெமூர்கள் குட்டி ஈனுவதோ செப்டம்பர், அக்டோபரில். பச்சோந்திகளுக்காகச் செல்வோர் மழை தொடங்கும் நவம்பரை விரும்புவார்கள். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான புயல் காலத்தில் செல்ல வேண்டாம்.

தலைநகர் அண்டனானரிவோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ள அண்டசிபே காட்டில், உயிரோடிருக்கும் லெமூர்களிலேயே பெரியதான இந்திரியைக் காணலாம். விடியற்காலையில் அது எழுப்பும் நீண்ட ஓலத்தைக் கேட்க இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். ஒரே இரவு தங்கிய எனக்கு மழைதான் கிடைத்தது. தேசியப் பூங்காக்களில் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். இரவில் பூங்காவுக்குள் விடமாட்டார்கள் என்பதால், இரவு நடை வெளியே சாலையோரத்திலோ ஊரார் பராமரிக்கும் காட்டிலோதான். வரைபடத்தில் சிறிதாகத் தெரியும் தூரம் சாலையில் ஒரு பகலைத் தின்றுவிடும். எனவே அண்டசிபேயையும் தெற்கே செல்லும் ஏழாம் எண் நெடுஞ்சாலையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

மருந்தாளுநர்
மடகாஸ்கரில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. சிக்கல் விமான வழியில்தான் உள்ளது. அந்நோய் உள்ள நாடுகளைச் சேர்ந்த நைரோபி அல்லது அடிஸ் அபாபாவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து சென்றால் மடகாஸ்கரில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். திரும்பும்போது இந்தியாவும் கேட்கும். இல்லையெனில் தனிமைப்படுத்தி வைக்க நேரிடலாம். அத்தடுப்பூசி 60 வயதைக் கடந்தவர்களுக்கு அரிதாகக் கடும் பக்கவிளைவுகளைத் தரக்கூடும் என்பதால், மொரீஷியஸ் வழியாகச் செல்லும் பயணச்சீட்டு சற்று விலை கூடினாலும் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தவறாமல் உட்கொள்ளுங்கள். மேட்டுநிலத்தில் செப்டம்பர் இரவுகள் குளிரும். கம்பளிச் சட்டை வேண்டும்.

தாமிரபரணிக்காரி
மேலே எழுதியவர்கள் சொல்லாத ஒன்று: அங்கே காட்டையும் பண்பாட்டையும் தனித்தனியாகத் திட்டமிட முடியாது. முன்னோர் விதித்த விலக்குகளை 'ஃபாடி' என்பார்கள். இந்திரியைத் தங்கள் மூதாதையரோடு உறவுடையதாகக் கருதி அதை உண்ணாத ஊர்கள் பல. அதே நம்பிக்கையுலகம்தான் ஐ-ஐ என்னும் லெமூரைத் தீச்சகுனம் என்று கொல்லவும் செய்கிறது. ஏழாம் எண் நெடுஞ்சாலையில் உள்ள அம்பலவாவ் ஊரின் அருகே ஊராரே நடத்தும் அஞ்சா காப்பகத்தில் வளையவால் லெமூர்கள் தாவும் பாறைகளிலேயே கல்லறைகளும் உள்ளன. கல்லறையை நோக்கி விரல் நீட்டக் கூடாது. விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் விலக்கு வேறுபடும். நுழையுமுன் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

ஃபமடிஹானா குடும்ப விழா. நாளைக் குறிப்பவர் அவர்களுடைய சோதிடர், பயண முகவர் அல்லர். எனவே முன்பதிவு செய்து தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். நான் கட்டி ஏமாந்தேன். பின்னர் ஒரு வழிகாட்டியின் உறவினர் அழைத்ததால்தான் கலந்துகொண்டேன். அழுகை இல்லை, வாத்திய இசையும் ஆட்டமும்தான்.

சோறு மூன்று வேளையும் கிடைக்கும். மரவள்ளியிலைக் குழம்பான 'ரவிடோடோ' கீரை போலத் தோன்றினாலும் பெரும்பாலும் பன்றியிறைச்சி சேர்ந்தது. அடிப்பிடித்த சோற்றில் நீரூற்றிக் கொதிக்கவைத்துத் தரும் 'ரானோவோலா'வைத் தயங்காமல் குடியுங்கள். வீட்டு நினைவு வரும்.

மேடவாக்கத்தார்
மிக்க நன்றி, அம்மா. மொரீஷியஸ் வழியாகச் செப்டம்பர் முதல் வாரம் புறப்படுகிறோம். அழைப்பு கிடைத்தால் என்ன கொண்டுசெல்வது?

தாமிரபரணிக்காரி
உறையில் ஒரு சிறு தொகை, அந்நாட்டுப் பணமான அரியாரியில். அதை இந்தியாவில் மாற்ற முடியாது. யூரோவாக எடுத்துச் சென்று அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று குடும்பத்தின் மூத்தவரிடம் கேட்டபின் கேமராவைத் திறங்கள்.